நின்ற இடத்தில் ஓடும் சைக்கிள்: வாங்குமுன் ஐந்து வருடக் கணக்கு

புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள் "வாங்கலாமோ?" என்று கேட்கும் பொருட்களின் வரிசையில் இப்போது இன்னுமொன்று கூடியிருக்கிறது. அது வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே உழக்கும் சைக்கிள். முன்னால் ஒரு திரை இருக்கும். திரையில் ஒரு பயிற்றுநர் உற்சாகமூட்டிக் கொண்டிருப்பார். உழக்கும் வேகமும், பாரமும், எரித்த கலோரியும் இலக்கங்களாக ஓடிக்கொண்டிருக்கும். ஸ்மார்ட் சைக்கிள் என்பது இதற்குக் கடைக்காரர் வைத்த பெயர். மாதம் இவ்வளவு கட்டினால் போதும் என்று விளம்பரம் சொல்கிறது.

ரொறன்ரோவில் எங்கள் தொடர்மாடி வீட்டில் இப்படியான ஒன்று நிற்கிறது. ஐந்து குளிர்காலம் அதில் உழக்கி முடித்திருக்கிறோம். வாங்கிய நாளிலிருந்து அதற்கென்று ஒரு கொப்பியும் வைத்திருக்கிறோம். எந்த மாதம் என்ன செலவு, எது தேய்ந்தது, எது மாற்றப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. வாங்குவதா விடுவதா என்று யோசிப்பவர்களுக்கு அந்தக் கொப்பி பயன்படட்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. நாங்கள் யாருக்கும் விற்பனை முகவர்கள் அல்ல. வேண்டாம் என்று தடுக்கவும் வரவில்லை.

தேவை உண்மையானது

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எமது உடம்புக்கு இந்த உழைப்புத் தேவை. ஊரில் நாம் உடற்பயிற்சி என்று தனியாக எதையும் செய்யவில்லை. சந்தைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், ரியூசனுக்கும், கோயிலுக்கும் சைக்கிள்தான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் விறகும், நெல்மூட்டையும், சில வேளை நோயாளியும்கூடச் சைக்கிளில்தான் போனார்கள். இங்கே வந்ததும் பஸ், வேலைத்தலம், மறுபடி பஸ், வீடு, சோபா என்று வாழ்க்கை மாறிவிட்டது. சோறு மட்டும் அதே அளவில் கோப்பையில் விழுகிறது.

தென்னாசியர்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் வெள்ளைக்காரரை விட இளவயதிலேயே, உடம்பு அவ்வளவு பருக்காத நிலையிலேயே வந்துவிடுகின்றன. இதனால்தான் பிரித்தானிய வைத்திய வழிகாட்டிகளில் தென்னாசியருக்கு உடற்பருமன் சுட்டெண்ணின் எச்சரிக்கைக் கோடு 25 அல்ல, 23. உழக்கும் தசைநார், இன்சுலினின் துணை குறைவாக இருந்தாலும், இரத்தத்திலுள்ள சீனியைத் தானே இழுத்து எடுத்துப் பாவிக்கும். சீனி வருத்தக்காரரை நடக்கவும் உழக்கவும் வைத்தியர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர வேகத்தில் உடலுழைப்பு வேண்டும். அரை மணித்தியாலம் வீதம் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் வந்துவிடும். நடுத்தர வேகம் என்றால் என்ன என்பதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. உழக்கும்போது கதைக்க முடியவேண்டும். பாட முடியாமல் இருக்கவேண்டும்.

மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டி, நடைபாதை கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும் இந்த ஊரில், வீட்டுக்குள் ஒரு சைக்கிள் இருப்பது பெரிய உதவிதான். இரண்டு வேலை செய்பவர், சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போக முடியாத தாய், பலர் பார்க்க ஜிம்முக்குப் போகக் கூச்சப்படும் அம்மா ஆகியோருக்கு இது நல்ல வழி. எங்கள் வீட்டில் மூன்று பேர் உழக்குகிறோம். அதில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். ஊரில் ஒருநாளும் சைக்கிள் ஓடியிராதவர். விழமாட்டேன் என்ற தைரியம் வந்த பிறகு அவர்தான் எங்களில் ஒழுங்காக உழக்குபவர்.

உள்ளே இருப்பது என்ன?

பார்ப்பதற்குப் பெரிய இயந்திரம். உள்ளே இருப்பதோ எளிய சங்கதி. பெடலை உழக்க, ஒரு பெல்ற் பாரமான உலோகச் சில்லு ஒன்றைச் சுழற்றும். பழைய மொடல்களில் அந்தச் சில்லின்மீது கம்பளித் துண்டோ தோலோ அழுத்திப் பாரத்தைக் கூட்டும். அது உரஞ்சித் தேயும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போதைய மொடல்களில் காந்தம். காந்தத்துக்குக் கிட்டே உலோகச் சில்லு சுழலும்போது சில்லுக்குள் சுழிபோல ஒரு மின்னோட்டம் உண்டாகும். அது சுழற்சியை எதிர்க்கும். காந்தம் கிட்ட வந்தால் பாரம் கூடும், விலகினால் குறையும். ஒன்றோடொன்று முட்டாதபடியால் தேய்மானம் இல்லை, சத்தமும் இல்லை. தொடர்மாடியில் இருப்பவர்கள் காந்த வகையையே பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது இரும்பு. இதன் மேலே ஒட்டியிருப்பது மூளை. எத்தனை தடவை உழக்குகிறீர்கள், எவ்வளவு பலத்தோடு உழக்குகிறீர்கள் என்பதை அளந்து, 'வாற்' கணக்கில் திரைக்கு அனுப்பும். இந்த வாற் கணக்கு நல்ல விஷயம். சென்ற மாதம் 60 வாற்றில் மூச்சு வாங்கியவர் இந்த மாதம் 80 வாற்றில் கதைத்துக்கொண்டு உழக்கினால் உடம்பு தேறுகிறது என்று பொருள். கலோரிக் கணக்கை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 100 வாற் வீதம் அரை மணித்தியாலம் உழக்கினால் ஏறக்குறைய 180 தொடக்கம் 215 கலோரி வரை செலவாகும். இறங்கி வந்து ஒரு மட்டன் றோல்ஸ் சாப்பிட்டால் கணக்குச் சரி.

இரும்பு உங்களுடையது, திரை யாருடையது?

ஊரில் ஒரு ரலி சைக்கிள் தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். ஒட்டுப்போட, செயின் மாற்ற, கம்பி கட்டச் சந்திக்குச் சந்தி கடை இருந்தது. சைக்கிளைச் செய்த கொம்பனி இருக்கிறதா மூடிவிட்டதா என்று யாரும் கேட்டதில்லை. ஸ்மார்ட் சைக்கிள் விஷயத்தில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஏனென்றால் திரையில் வரும் வகுப்புகள், உங்கள் கணக்கு, உங்கள் பதிவுகள் எல்லாம் கொம்பனியின் கணினியில் இருக்கின்றன. அவற்றுக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும். இந்தத் துறையில் பெயர்பெற்ற பெலோட்டன் நிறுவனம் 2012இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்டது. 2018இல் கனடாவுக்கு வந்தது. அதன் மாதக் கட்டணம் அமெரிக்காவில் 39 டொலராக இருந்தது. 2022இல் 44 ஆகி, 2025 ஒக்டோபரில் 50 டொலரைத் தொட்டது. கனடாவில் 2022இல் 49 டொலர் 55 ஆனது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினால் கட்ட வேண்டும், அல்லது எழும்ப வேண்டும். கட்டணத்தை நிறுத்தினால் அந்தச் சைக்கிளை வெறுமனே உழக்கலாம். வகுப்புகள் பெரும்பாலும் நின்றுவிடும்.

கொம்பனி போய்விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிளைவீல் என்ற நிறுவனம் வீட்டுச் சைக்கிள் விற்றது. காப்புரிமை வழக்கில் பெலோட்டனோடு சமரசத்துக்கு வந்தபின், 2020 மார்ச்சோடு அந்தச் சைக்கிளுக்கான வகுப்புகள் அடியோடு நிறுத்தப்பட்டன. வாங்கியவர்களின் வீட்டில் இரும்பு மிஞ்சியது. அதற்குப் பதிலாகப் புதுப்பித்த சைக்கிள் ஒன்றைத் தரப் பெலோட்டன் முன்வந்ததால் பலர் தப்பினார்கள். எல்லாத் தடவையும் அப்படி ஒருவர் முன்வரமாட்டார்.

கொம்பனி இருந்துகொண்டே கதவைச் சாத்துவதும் உண்டு. 2025 யூலையில் எஷலோன் நிறுவனம் தன் சைக்கிள்களின் மென்பொருளை மாற்றியது. அதுவரை வேறு செயலிகளோடு சேர்த்துப் பாவித்து வந்தவர்களுக்கு அந்தத் தொடர்பு அறுந்தது. வீட்டில் நித்திரையாய் இருக்கும்போது இன்ரர்நெற் வழியாக வந்த மாற்றம் அது. வாங்கிய பொருள் வாங்கியபடியே இருக்கும் என்ற நிச்சயம் இந்தச் சாமான்களில் இல்லை.

ஆகவே கடையில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "மாதக் கட்டணம் கட்டாமல், இன்ரர்நெற் இல்லாமல், இந்தச் சைக்கிள் வேலை செய்யுமா?" அடுத்த கேள்வி: "புளூடூத்தில் எஃப்.டி.எம்.எஸ். இருக்கிறதா?" இது உடற்பயிற்சி இயந்திரங்களுக்குப் பொதுவான ஒரு பாஷை. இதைப் பேசும் சைக்கிள், அதே பாஷையைப் பேசும் செயலிகளோடு சேரும். ஒரு கொம்பனி மூடினாலும் இன்னொன்றுக்குப் போகலாம். எங்களுடையது அந்தப் பாஷை பேசுவது. திரை இல்லை, ஒரு பழைய ரப்லெற்றை முன்னால் வைத்துக்கொள்கிறோம். ரப்லெற் பழுதானபோது மாற்றியது ரப்லெற்றை மட்டும்தான்.

பணக் கணக்கு

இப்போது ஐந்து வருடத்துக்கு எழுதிப் பார்ப்போம். உதாரணத்துக்கு 2,000 டொலர் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் 13 வீத வரியோடு 2,260 டொலர். மாதக் கட்டணம் 55 டொலர் என்றால் வரியோடு 62 டொலர் 15 சதம். அறுபது மாதத்துக்கு 3,729 டொலர். இரண்டும் சேர்த்து 5,989 டொலர். கட்டணம் ஒரு சதமும் கூடவில்லை என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. சைக்கிளை விடக் கட்டணம்தான் பெரிய தொகை என்பதைக் கவனியுங்கள்.

திரையில்லாத, காந்தப் பாரமுள்ள, பொதுப் பாஷை பேசும் சைக்கிள் ஒன்று 600 டொலர் என்று வைப்போம். வரியோடு 678. வகுப்புகளை யூரியூப்பில் இலவசமாகப் பார்க்கலாம். வித்தியாசம் 5,311 டொலர். மாதத்துக்கு 88 டொலருக்கு மேலே. வந்த கடன் இன்னும் அடையாத குடும்பத்துக்கு, ஊரில் தாய் தகப்பனுக்கு மாதாமாதம் காசு அனுப்பும் குடும்பத்துக்கு, இந்த 88 டொலர் சின்னக் காசு அல்ல.

அதற்காகக் கட்டணம் கட்டுவோர் எல்லாம் ஏமாந்தவர்கள் என்று சொல்லவரவில்லை. பயிற்றுநர் கூப்பிட்டால்தான் சைக்கிளில் ஏறுவேன் என்பவருக்கு அந்தக் காசு வீண் அல்ல. வீட்டில் நாலு பேர் உழக்கினால் ஒருவருக்கு விழும் பங்கு குறையும். தவணைக்கு எடுப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். "மாதம் இவ்வளவுதான்" என்ற தொகைக்குள் சைக்கிளின் தவணை மட்டும் இருக்கிறதா, வகுப்புக் கட்டணமும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்ராறியோவில் பழுதில்லாத பொருளைக் கடை திருப்பி எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. திருப்பிக் கொடுக்கும் விதி கடைக்குக் கடை மாறும். பெட்டியைப் பிரிக்கமுன் அதையும் அறியுங்கள்.

தேய்வன, உடைவன

எங்கள் கொப்பியில் உள்ளபடி முதல் எதிரி வியர்வை. வீட்டுக்குள் காற்று இல்லை. உழக்கினால் வியர்வை மழையாய்க் கொட்டும். உப்புநீர் ஹாண்டிலின் கீழே, சீற் கம்பியின் திருகில், ஆணித் தலைகளில் போய்த் தங்கித் துருவாகும். உழக்கி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஹாண்டிலின் மேல் ஒரு துவாய், முன்னால் ஒரு காற்றாடி. இந்த மூன்றும்தான் எங்கள் சைக்கிளைக் காப்பாற்றின என்று சொல்லலாம். பிளீச் போன்ற கடும் மருந்துகள் வேண்டாம்.

இரண்டாவது பெடல். ஐந்து வருடத்தில் நாங்கள் இரண்டு தடவை மாற்றினோம். பெடல் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் என்றே சில கொம்பனிகள் சொல்கின்றன. 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதும் பெடல்தான். ஊரில் சைக்கிள் கழற்றிப் பூட்டியவர்களுக்குத் தெரியும், இடது பெடலின் புரி மாறியிருக்கும். எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். தெரியாமல் பலவந்தமாகத் திருகிப் புரியை உடைத்தால் பெடல் மட்டுமல்ல, பெடல் பூட்டும் தண்டும் போய்விடும். மாதம் ஒருதடவை பெடல், சீற், ஹாண்டில், கீழ்க்கால்கள் நான்கையும் இறுக்கிப் பார்த்தால் போதும்.

மூன்றாவது கீழ்வீட்டுக்காரர். சத்தம் இல்லாத சைக்கிளிலும் அதிர்வு இருக்கும். தடித்த றப்பர் விரிப்பு ஒன்று கீழே போட்டால் நிலத்துக்கும் நல்லது, அயலுக்கும் நல்லது. வீடு மாறும்போது இன்னொன்று தெரியவரும். இவற்றில் சில அறுபது கிலோவுக்கு மேல் பாரம். ஒருவர் தூக்க நினைக்கக்கூடாது.

உடைவதைப் பற்றிச் சொல்லும்போது பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். 2020இல் பழைய பெலோட்டன் சைக்கிள்களின் பெடல்கள் உடைந்து காலைக் காயப்படுத்தியதால் ஏறக்குறைய 27,000 சைக்கிள்களின் பெடல்களை மாற்ற அறிவித்தல் வந்தது. 2023 மே மாதத்தில் சீற் தாங்கும் கம்பி முறிவதாக அமெரிக்காவில் 22 இலட்சம் சைக்கிள்களுக்கு அறிவித்தல் வந்தது. 2025 நவம்பரில் இன்னொரு மொடலுக்கு அதே காரணத்துக்காக எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு வந்தது. மாற்றுக் கம்பியைக் கொம்பனி இலவசமாகக் கொடுத்தது. ஆனால் கேட்டவருக்குத்தான் அது கிடைக்கும். வாங்கியதும் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். பாவித்ததை வாங்கியவர்கள் ஹெல்த் கனடாவின் மீளப்பெறல் பட்டியலில் மொடல் இலக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஊர்ச் சைக்கிளில் காலை எடுத்தால் பெடல் நிற்கும், சில்லு மட்டும் ஓடும். இந்த வகையில் பலவற்றில் அப்படி இல்லை. சில்லு சுழலும் மட்டும் பெடலும் சுழலும். நிற்பாட்ட பிரேக் குமிழை அழுத்த வேண்டும். சின்ன விரல்களுக்கு இது ஆபத்து. உழக்காத நேரத்தில் பாரத்தை முழுதாகக் கூட்டியோ பூட்டியோ விடுங்கள்.

பாவித்ததை வாங்குவோருக்கு

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா முடக்கத்தின்போது வாங்கிக் குவித்த சைக்கிள்கள் பின்னர் பாதி விலைக்கும் குறைவாகக் கைமாறின. புதிதாக வந்தவர்களுக்கு இது நல்ல சந்தர்ப்பம். போய்ப் பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

பத்து நிமிடமாவது ஏறி உழக்குங்கள். கரகரப்போ தட்டும் சத்தமோ உண்டா என்று கேளுங்கள். சீற் கம்பியை முழுதாக வெளியே இழுத்துத் துருவும் வெடிப்பும் பாருங்கள். திரை இருந்தால் அதை ஏற்றி, தொட்டால் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் முன்னாலேயே சரிபாருங்கள். உத்தரவாதம் இரண்டாவது ஆளுக்குச் செல்லுமா என்று கொம்பனியைக் கேளுங்கள். பெலோட்டன் 2024 ஓகஸ்டிலிருந்து, பாவித்த சைக்கிளைத் தனியாரிடம் வாங்கிச் சேர்பவர்களிடம் அமெரிக்காவில் 95 டொலரும் கனடாவில் 125 டொலரும் ஒருதடவைக் கட்டணமாக வாங்கத் தொடங்கியது. பேரம் பேசும்போது இதையும் கழித்துப் பேசுங்கள்.

சைக்கிள் உடுப்புக் கொடியாகாமல் இருக்க

எத்தனையோ வீடுகளில் இந்தச் சைக்கிளின் ஹாண்டிலில் ஜக்கற்றும் துவாயும் தொங்குவதைக் கண்டிருக்கிறோம். வாங்கும் ஆசை ஒரு மாதம், உழக்கும் ஆசை இரண்டு மாதம். அதற்குப் பிறகு பழக்கம்தான் உழக்க வேண்டும். எங்களுக்கு உதவியவை சின்னச் சின்ன விஷயங்கள். நிலவறை மூலையில் வைக்காமல், ரி.வி. பார்க்கும் அறையில் வைத்தோம். நேரத்தைக் குறித்துவிட்டோம், ஒருவர் காலையில் வேலைக்கு முன், ஒருவர் பிள்ளைகள் படிக்கும்போது, ஒருவர் மாலைச் செய்தி கேட்கும்போது. அரை மணித்தியாலம் ஒரேயடியாக முடியாத நாளில் பத்துப் பத்து நிமிடமாக உழக்குகிறோம்.

சீற் உயரம் சரியாக இருக்க வேண்டும். பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் சற்று மடிய வேண்டும். உயரம் குறைந்தால் முழங்கால் நோகும். நோகத் தொடங்கினால் சைக்கிளையே கைவிட்டுவிடுவார்கள்.

இருதய வருத்தம், பிரஷர், நீரிழிவு உள்ளவர்கள் குடும்ப வைத்தியரிடம் கதைத்துவிட்டே தொடங்குங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில சீனிக் குளிசை எடுப்பவர்களுக்கும் உழக்கும்போது சீனி அளவுக்கு மிஞ்சிக் குறையலாம். பக்கத்தில் பழச்சாறோ குளுக்கோசோ இருக்கட்டும். நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் ஒரு குளிர்காலம் சைக்கிள் வாங்காமல் பழகிப் பாருங்கள். ரொறன்ரோ மாநகரசபையின் சமூக நிலையங்கள் சிலவற்றில் வகுப்புகள் இலவசம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 'வெல்கம் பொலிசி' என்ற உதவித் திட்டமும் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்வர உங்களால் முடிந்தால், வீட்டில் வைத்தாலும் உழக்குவீர்கள். அப்போது கையிலுள்ள காசைப் பார்த்து வாங்குங்கள். கொம்பனி நின்றாலும் நிற்காத சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள். இலக்கங்களைத் திரை காட்டினால் நல்லது. காட்டாவிட்டாலும் உழக்கிய கால் உழக்கியதுதான்.